இழுப்புள்ள பிள்ளையும் உல்லாசப் பயணமும்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரே பேச்சுதான். "சன்வே போவோமா, கெந்திங் போவோமா?" பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு பஸ் பேசுவார்கள். தமிழ்ப்பள்ளியிலும் பெயர் எழுதுவார்கள். அந்த நேரத்தில் சில பெற்றோர் தயங்கி நிற்பார்கள். "எங்க புள்ளைக்கு இழுப்பு இருக்கு டிரஸர். போற எடத்துல வந்துட்டா என்ன செய்றது? அது வீட்லயே இருக்கட்டும்" என்பார்கள். வேறு சிலர் நேர் எதிர். "ரெண்டு மாசமா நல்லாத்தானே இருக்கான், ஒண்ணும் வராது" என்று பம்பைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிடுவார்கள்.

இரண்டுமே சரியல்ல. முதல் பிள்ளைக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய சந்தோஷம் போகிறது. இரண்டாவது பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து வரலாம். இலேசான இழுப்புக்காரர் என்று நினைத்தவருக்கும் ஒரு நாள் கடுமையாக வரக்கூடும்.

ஆகவே இன்றைய பாடம் இதுதான்: பிள்ளையைக் கூட்டிப் போகலாம். ஆனால் நான்கு வாரத்துக்கு முன்பே தயாராக வேண்டும். போன இடத்தில் பம்பு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இழுப்பு எப்படி வருகிறது?

நெஞ்சுக்குள் காற்றுப் போகும் குழாய்கள் மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து போகின்றன. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்தக் குழாய்களின் உள்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். புகை, தூசி, சளிக்காய்ச்சல், குளிர்காற்று, வேகமான ஓட்டம், அளவுக்கு மீறிய சிரிப்பு அல்லது அழுகை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பட்டால் போதும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், வீக்கம் கூடும், சளி அடைக்கும். குறுகிய குழாயில் காற்று நுழைந்து வரும்போதுதான் அந்த விசில் சத்தம் கேட்கிறது. இது தொற்று நோயல்ல. செய்வினையும் அல்ல.

கேளிக்கைப் பூங்காவில் ஓட்டம், சிரிப்பு, அலறல், குளிர்ந்த தண்ணீர், கூட்டத்தின் இருமல் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வருகின்றன. அதனால்தான் முன்கூட்டியே தயாராகச் சொல்கிறோம்.

இரண்டு பம்பு, இரண்டு வேலை

1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவருக்கு 13 வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளுக்கு ஆஸ்துமா. "தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் ஒரு டின்னில் அடைத்துத் தரக்கூடாதா?" என்று தகப்பனைக் கேட்டாள். அடுத்த ஆண்டே, 1956-இல், முதல் பம்பு விற்பனைக்கு வந்தது. ஒரு பிள்ளை கேட்ட கேள்வியால் கிடைத்த பொருள் இது. இதைப் பிள்ளையிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

ஒன்று, உடனடி நிவாரணப் பம்பு. சால்பியூட்டமோல் என்ற மருந்து. பெரும்பாலும் நீல நிறம். இறுகிய தசையைச் சில நிமிடத்தில் தளர்த்தும்.

மற்றொன்று, தடுப்புப் பம்பு. புடெசொனைட், பெக்லோமெதாசோன் போன்ற மருந்து இதில் இருக்கும். உள்வீக்கத்தை மெதுவாகக் குறைக்கும். இதை நன்றாக இருக்கும் நாளிலும் தினமும் அடிக்க வேண்டும். அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பலன் தெரிய நாள் பிடிக்கும். அடித்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு இரண்டு வேலையும் செய்யும் ஒரே பம்பைக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் டாக்டர் சொன்ன கணக்கிலேயே அடிக்கட்டும்.

"பம்பு பழகிப் போயிடும், நெஞ்சு கெட்டுப் போயிடும்" என்ற பேச்சு நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. பம்பு கள்ளு அல்ல, பழகிப்போவதற்கு. நீலப் பம்பு அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் அது பழக்கமல்ல. உள்ளே வீக்கம் அடங்கவில்லை என்று அர்த்தம்.

நான்கு வாரத்துக்கு முன் நான்கு கேள்வி

பஸ்ஸுக்குப் பணம் கட்டும் முன் இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள். கடந்த நான்கு வாரத்தில்:

1. வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பகலில் இழுப்போ இருமலோ வந்ததா?
2. இரவில் இழுப்பால் அல்லது இருமலால் எழுந்தானா?
3. வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நீலப் பம்பு தேவைப்பட்டதா?
4. ஓடி விளையாட முடியாமல் உட்கார்ந்துவிட்டானா?

ஐந்து வயதும் அதற்குக் குறைந்ததும் என்றால் முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் வாரம் ஒரு தடவை என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்காவது "ஆமாம்" என்று பதில் வந்தால் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட்தான் கட்டணம். "இன்ன தேதியில் சன்வே போகிறோம்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். எப்போது எத்தனை அடி என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். விளையாடுவதற்கு முன்பே நீலப் பம்பு அடிக்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு முந்தின வாரம் பம்பைச் சோதியுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். எண் காட்டும் பம்பு என்றால் எண்ணைப் பாருங்கள். ஆட்டிப் பார்த்து, "சத்தம் கேக்குது, மருந்து இருக்கு" என்று நம்பாதீர்கள். மருந்து தீர்ந்த பின்னும் உள்ளே வாயு நிற்கும். பல நாள் தொடாத பம்பு என்றால் இரண்டு தடவை காற்றில் அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பம்போடு ஸ்பேசர் குழலையும் எடுத்துப் போங்கள். நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் இல்லாவிட்டால் 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் உதவும். அடிப்பாகத்தில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, காற்றுக் கசியாமல் ஒட்டி, போத்தலின் வாய்வழியாக மூச்சு இழுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளிடம் சோதித்து 1999-இல் வெளிவந்த ஆய்வில், ஒட்டி மூடிய இந்தப் போத்தல் கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. சின்னக் குழந்தைக்கு மட்டும் முகமூடி வைத்த ஸ்பேசர் வேண்டும்.

புறப்படும் காலை

முதலில் காற்றைப் பாருங்கள். சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். 50 வரை நல்ல காற்று. 51 முதல் 100 வரை மிதமானது. 101-க்கு மேல் போனால் உடல்நலத்துக்குக் கெடுதி. அன்று பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம். புகைமூட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பது கிள்ளான் பக்கத்தாருக்குத் தெரியும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டி அவசர நிலையே அறிவிக்கப்பட்டது.

பிள்ளைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தாலும், முந்தின இரவு இருமித் தூங்காமல் இருந்தாலும் அன்று போக வேண்டாம்.

பஸ் ஏறுமுன் தடுப்புப் பம்பு அடித்தாயிற்றா என்று பாருங்கள். நின்றபடி எஞ்சின் ஓடும் பஸ்ஸின் பின்னால் பிள்ளையை நிறுத்தாதீர்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கிள்ளானிலிருந்தோ, பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலிலிருந்தோ கொமுட்டர் ரயிலில் செத்தியா ஜெயா வரை வரலாம். அங்கிருந்து பிஆர்டி பஸ் சன்வே லகூன் நிலையத்துக்குப் போகிறது. 2015 முதல் ஓடும் இந்த பஸ் மின்சார பஸ். டீசல் புகை கிடையாது.

பூங்காவுக்குள்

சன்வே லகூன் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 1993-இல் திறக்கப்பட்ட இடம். வெயிலும் தண்ணீரும் கூட்டமும் உள்ள இடம். அங்கே தாய்தகப்பன் கவனிக்க வேண்டியவை:

* நுழைந்ததும் முதலுதவி அறை எங்கே என்று கேட்டு, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.
* பையை லாக்கரில் வைத்தாலும் பம்பை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். மூச்சுத் திணறும்போது சாவி தேட நேரம் இருக்காது. சில விளையாட்டுகளில் கையில் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். அப்போது ஒரு பெரியவர் பம்போடும் ஸ்பேசரோடும் இறங்கும் வாசலில் நிற்க வேண்டும். அண்ணனா, சித்தப்பாவா, அத்தையா, யார் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.
* வெயிலில் நிற்கும் காடியிலோ பஸ்ஸிலோ பம்பை விட்டு வராதீர்கள். அது அழுத்தத்தில் அடைத்த டின். 30 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்கக்கூடாது.
* வந்ததும் ஓடவிடாமல் கொஞ்சம் நடக்க வைத்துப் பிறகு விளையாட விடுங்கள். குளோரின் நெடி மூக்கில் ஏறும் இடத்தில் நிற்க வேண்டாம். தண்ணீரிலிருந்து ஏறியதும் துடைத்து, காய்ந்த சட்டை போடுங்கள்.
* பேய் வீடு மாதிரியான இடங்களில் செயற்கைப் புகை விடுவதுண்டு. வாசலிலேயே விசாரியுங்கள். மிருகங்களைத் தொட்டால் தும்மும் பிள்ளை தூர நின்று பார்க்கட்டும்.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கெந்திங் சுமார் 1,800 மீட்டர் உயரம். 2022 பிப்ரவரியில் திறந்த ஸ்கைவோர்ல்ட்ஸ் பூங்கா மலைமேல் திறந்த வெளியில் இருக்கிறது. தோட்டத்துச் சூட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் குளிர்காற்று நெஞ்சை இறுக்கலாம். குளிர்ச்சட்டையோடு, மூக்கையும் வாயையும் மூட ஒரு துணியும் எடுத்துப் போங்கள். வாயால் இல்லாமல் மூக்கால் மூச்சு விடப் பழக்குங்கள்.

இழுப்பு வந்துவிட்டால்

இருமல் தொடங்கினாலே நிறுத்துங்கள். "இந்த ஒண்ணு மட்டும் ஏறிட்டு வந்துடட்டும்" என்ற பேச்சு வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் இப்படி:

1. பிள்ளையை நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். கூட்டம் சூழ விடாதீர்கள்.
2. நீலப் பம்பைக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரே ஒரு அடி. பிள்ளை நான்கு மூச்சு இழுக்கட்டும். இப்படியே ஒவ்வொன்றாக நான்கு அடி.
3. நான்கு நிமிடம் பொறுங்கள்.
4. குறையவில்லை என்றால் மறுபடி நான்கு அடி. இன்னும் குறையவில்லை என்றால் 999-ஐ அழையுங்கள். உதவி வரும்வரை இதே கணக்கில் அடித்துக்கொண்டே இருங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கவே வேண்டாம். உடனே 999-ஐ அழைத்துவிட்டு, அடிப்பதைத் தொடருங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே சதை குழிகிறது. உதடு நீலம் பூக்கிறது. தூக்கம்போல் மயங்குகிறான் என்றால் ஆபத்து. இன்னொன்றையும் மறக்காதீர்கள். திணறல் அப்படியே இருக்க, விசில் சத்தம் மட்டும் அடங்கினால் அது குணமல்ல. காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

பூங்கா ஊழியரிடம் மலாயில் சொல்ல இந்த வாக்கியத்தை வீட்டில் எல்லாரும் பழகிக்கொள்ளுங்கள்: "அனாக் சாயா அஸ்மா, சுசா பெர்நாஃபாஸ், தோலோங் பங்கில் அம்புலன்ஸ்."

தைலம் தேய்ப்பதும் இஞ்சி கோப்பி கொடுப்பதும் பம்பு செய்யும் வேலையைச் செய்யாது. அதில் நேரத்தைக் கழிக்காதீர்கள். தைல நெடி சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கூட்டவும் செய்யும்.

வீடு திரும்பிய பின்

பகலில் இழுப்பு வந்து அடங்கியிருந்தாலும் அன்றிரவு பிள்ளையின் அருகே ஒருவர் படுங்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம். மறுநாள் கிளினிக்கில் காட்டுங்கள். அன்றிரவு அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் எதுவும் வேண்டாம். உண்மையில் எந்த இரவிலும் வேண்டாம். ஒரு நாள் பூங்காவில் காக்கிற பிள்ளையை வருடம் முழுவதும் லயத்தில் புகைக்கு நடுவே படுக்க வைப்பதில் அர்த்தமில்லை.

தோழர்களே! அமெரிக்க வீராங்கனை ஜாக்கி ஜோய்னர் கெர்சிக்கு ஆஸ்துமா இருந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஏழு அம்சப் போட்டியிலும் நீளம் தாண்டுதலிலும் தங்கம் வாங்கினார். ஆஸ்துமா உள்ள பிள்ளை ஓடலாம், நீந்தலாம், ராட்டினம் ஏறலாம். நாம்தான் அதற்கு வழி செய்து கொடுக்க வேண்டும்.

பயண ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயர் எழுதும்போதே "யாருக்கு ஆஸ்துமா, பம்பு யார் கையில்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பஸ் நகருமுன் அந்தப் பம்பைக் கண்ணால் பாருங்கள்.

வீட்டில் கேட்டுப் பாருங்கள்:

1. நம் பிள்ளையின் நீலப் பம்பு இந்த நிமிடம் எங்கே இருக்கிறது?
2. அதில் மருந்து இருக்கிறதா? தேதி தாண்டிவிட்டதா?
3. தாய்தகப்பன் இல்லாத நேரத்தில் அடித்துவிட வேறு யாருக்குத் தெரியும்?

மூன்றுக்கும் பதில் தெரிந்த வீடு தைரியமாகப் பஸ் ஏறலாம். தெரியாதவர்கள் இந்த வாரமே உங்கள் தோட்ட டிரஸரிடமோ கிளினிக்கிலோ பம்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிள்ளையையும் கூட்டிப் போங்கள். எப்படி அடிப்பது என்று அதுவே கற்றுக்கொள்ளட்டும்.

— தோட்ட மருத்துவ உதவியாளர்