நாலு சேர்ந்தால் பசு

என் பேத்திக்கு நாலு வயசு. ஒன்றிலிருந்து இருபது வரை மூச்சுவிடாமல் சொல்வாள். ஒருநாள் திண்ணையில் ஏழு புளியங்கொட்டைகளைப் பரப்பி, "எண்ணிப் பாரு கண்ணு" என்றேன். விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் ஓடி, ஒன்பதில் வந்து நின்றது. "மொத்தம் எத்தன?" என்றதும் மறுபடியும் ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கிவிட்டாள்.

ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஒரு கொட்டைக்கு ஒரு சொல். கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம். இந்த இரண்டும் கை வழியாகத்தான் பிள்ளைக்குள் இறங்கும்.

அதனால் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினேன். பதினாலு குழி. கொட்டை குழியில் விழுந்த பிறகுதான் அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். வாயும் விரலும் ஒன்றாக நடக்க இரண்டு வாரம் ஆனது. அதற்குள் இன்னொன்றும் நடந்தது. ஆட்டத்தில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியவள், ஒருநாள் எட்டிப் பார்த்ததுமே "அம்முச்சி, பசு!" என்று கத்தினாள். நாலு என்பதை எண்ணாமலே கண் கண்டுகொண்டது. எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைத் தந்திருக்காது என்பேன்.

அடுத்து வாசலில் சாக்பீஸால் ஒரே வரிசையில் பத்துக் கட்டம். ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த கொட்டை இரண்டுதான் தாயக்கட்டை. ஆறாம் கட்டத்திலிருந்து இரண்டு நகர்ந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லக்கூடாது; "ஏழு, எட்டு" என்றே சொல்ல வேண்டும். 2008-இல் அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை இப்படி எண் கட்டங்களில் ஆடவைத்துப் பார்த்தார்கள். எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் வெறும் வண்ணக் கட்டங்களில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை.

நம் அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தார்கள். வீட்டிலும் அதையே பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை சொல்கிறதே என்று அவசரப்படாதீர்கள். ஐந்துக்குள் நன்றாக ஆடட்டும். ஐந்து கொட்டையில் மூன்றை வெளியே விட்டு மீதியை உள்ளங்கையில் மூடி, "உள்ள எத்தன?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், கையைத் திறந்து காட்டுங்கள். பத்து நிமிடம் போதும். சலித்தால் எடுத்து வைத்துவிடுங்கள்.

பத்தைத் தாண்ட எங்கள் சாமளாபுரத்தில் தறிக்காரர்கள் வீட்டில் நூல் தீர்ந்த காலிக் கோன் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்தைச் செருகினால் ஒரு கோபுரம். அதன் பக்கத்தில் தனியாக மூன்று வைத்தால் பதிமூணு.

போன வாரம் பனியன் கம்பெனியிலிருந்து வந்த மகள், டஜன் கணக்கில் பீஸ் குறைந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டஜன்னா எத்தனம்மா?"

"பன்னெண்டு சாமி."

பேத்தி எழுந்து போய், கோபுரத்தை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் இரண்டு கோனோடு வந்து நின்றாள்.