படம் கற்பிக்கும் பாடம்

கேட்டறிதலினும் கண்டறிதல் மனத்தில் ஆழப் பதியும். ஆதலின், வகுப்பறையில் நிழற்படங்களைக் காட்டிக் கற்பித்தல் பெரிதும் பயன் தருவதாகும். ஆயினும், ஒரு படத்தை எடுத்தவர் யார், எடுத்த இடம் யாது, காலம் எது என்பன தெரிந்தாலன்றி அதனைச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. குறிப்புத் தவறிய படம் பொய்யையும் மெய்போலக் காட்டிவிடும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகம் என்னும் பெருநூலகம் உள்ளது. அது 2008 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தன்பால் இருந்த பழைய படங்களுள் ஏறத்தாழ 3,000 படங்களைப் பிளிக்கர் என்னும் இணையதளத்தில் உலகோர் காண வைத்தது. அவற்றுள் பல, 1910 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் செய்தித்தாள்களுக்காக எடுக்கப்பெற்றவை. சிலவற்றின் குறிப்புகள் மிகச் சுருங்கியிருந்தன. சிலவற்றில் பெயர்கள் பிழைபட்டிருந்தன. அப்படங்களைப் பற்றி அறிந்தோர் தாம் அறிந்ததைத் தெரிவிக்குமாறு நூலகத்தார் வேண்டினர்.

மக்கள் பலர் அவ்வேண்டுகோளை ஏற்றனர். சிலர் படத்திலிருந்த இடத்தை அடையாளம் கண்டனர். சிலர் பழைய செய்தித்தாள்களைத் தேடி நிகழ்ச்சியின் நாளைக் கண்டுரைத்தனர். நூலகத்தார் அவற்றை அவ்வாறே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆராய்ந்து தெளிந்த பின்னரே தம் பட்டியலைத் திருத்தினர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திற்குள் 500-க்கும் மேற்பட்ட படக்குறிப்புகள் செப்பம் பெற்றன.

இம்முறையை வகுப்பறையிலும் மேற்கொள்ளலாம். ஆசிரியர் முதலில் குறிப்பை மறைத்துப் படத்தை மட்டும் காட்டுதல் வேண்டும். மாணவர், கண்ணாற் கண்டவற்றை ஒரு பக்கத்திலும், அவற்றால் ஊகித்தவற்றை மறுபக்கத்திலும் எழுதுவர். உடை, ஊர்தி, கடைப்பலகையின் எழுத்து ஆகியன காலத்தையும் இடத்தையும் உணர்த்தும். கருத்து மாறுபடுவோர் தத்தம் சான்றைக் காட்டுதல் வேண்டும். இறுதியில் குறிப்பைப் படித்து ஒப்பிட்டால், ஊகம் எங்கே வழுவியது என்பது புலனாகும்.

இணையத்தில் உள்ள படங்கள் அனைத்தும் பொதுச்சொத்து அல்ல. உரியவர் இசைந்த அளவிலேயே ஒரு படத்தைப் பயன்படுத்துதலும், எடுத்தவர் பெயரைத் தவறாது குறித்தலும் நன்மக்கள் கடமை. உடன் பயிலும் மாணவரின் படத்தை, அவரும் அவர்தம் பெற்றோரும் உடன்படாமல், பலர் காண வெளியிடுதல் தகாது. வெளியே சென்ற படத்தை மீட்டல் அரிது.

படத்தைக் காண்பது கண்ணின் தொழில். அதன் உண்மையை வினவித் தெளிவது அறிவின் தொழில். இரண்டும் கூடிய இடத்திலேயே கல்வி நிறைவு பெறும்.