'ஓம், ஓம்' என்பது ஒப்புதலா?

காங்கேசன்துறையில் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே லண்டனுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறீர்களா? முதலில் கவனிக்க வேண்டியது நம் வாயில் தானாக வரும் "ஓம், ஓம்". கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக நாம் சொல்வது அது. அதையே "யெஸ், யெஸ்" என்றால் வாடிக்கையாளர் சம்மதமாக எடுத்துக்கொள்வார். இப்படித்தான் ஒருமுறை ஒரு முழு அறிக்கைப் பகுதியைக் காசில்லாமல் செய்து கொடுக்க வேண்டி வந்தது எனக்கு. அழைப்பு முடிந்த அரை மணி நேரத்துக்குள் மின்னஞ்சல் அனுப்புங்கள்: ஒப்புக்கொண்டது எது, புதிதாகக் கேட்டது எது, அதற்கு எத்தனை நாள், எவ்வளவு கூடுதல் பணம்.

அழைப்புக்கு நேரம் குறிக்கும்போது கவனியுங்கள்: லண்டனில் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் 1.30. பௌர்ணமிதோறும் இங்கே போயா விடுமுறை என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது, மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை பிந்தும் என்று தெரிந்தால் அன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். அதற்கு முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டுமே. குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, தங்கச்சிமார் "ஏலாது" என்று சொல்லத் தயங்குவார்கள். அவர்களிடம் "முடிஞ்சுதோ?" என்று கேட்காதீர்கள். "எதில நிக்குது? திறந்து காட்டுங்கோ, பாப்பம்" என்று பக்கத்தில் உட்காருங்கள்.