வானலையும் வணிகமும்

(உரைநடைப் பாடம்)

நுழையும் முன்

மலைநாட்டின் மிளகும் ஏலமும் முன்னாளில் பொதிமாடுகளின் முதுகில் ஏறிக் கணவாய்களைக் கடந்தன. இன்று அவை சரக்குந்துகளில் செல்கின்றன. ஊர்தி மாறினும் வணிகரின் வினா மாறவில்லை: ‘என் பொதி இப்போது எங்கே இருக்கிறது?’ இவ்வினாவிற்கு வானலை தரும் விடையையும் அவ்விடையின் எல்லையையும் இப்பாடத்தில் அறிவோம்.

எல்லையில் ஒரு மாற்றம்

சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பாலக்காட்டுக் கணவாயின் வழியே கேரளத்திற்குள் நுழைகிறது. அங்குள்ள வாளையாறு, சரக்குந்துகளின் நீண்ட வரிசைக்குப் பெயர் பெற்ற ஊர். வணிகவரிச் சோதனைக்காக ஓட்டுநர்கள் அங்குப் பலமணி நேரம் காத்திருந்தனர். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அச்சோதனை நீங்கியது.

அதன்பின் சாலைக் கட்டணத்திலும் மாற்றம் வந்தது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ‘ஃபாஸ்டேக்’ கட்டாயமாயிற்று. வாளையாற்றை அடுத்த பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியிலும் ஊர்தியின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டிய சிறு வில்லையே கட்டணம் செலுத்த உதவுகிறது. ரேடியோ அலைவரிசை அடையாள முறை, சுருக்கமாக ஆர்.எஃப்.ஐ.டி., எல்லைப்புற மக்கள் நாள்தோறும் காணும் பொருளானது இவ்வாறே.

வில்லை பேசும் விதம்

இம்முறைக்கு மூன்று உறுப்புகள் உண்டு: வில்லை, படிப்பான், கணினி. வில்லைக்குள் மெல்லிய உலோக இழையாலான அலைவாங்கியும் மணலளவேயான சில்லும் உள்ளன, மின்கலம் இல்லை. படிப்பான் அனுப்பும் வானலையிலிருந்தே வில்லை தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்று, தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு உரிய கணக்கைக் கணினி தேடி எடுக்கிறது. எனவே, பணம் வில்லைக்குள் இல்லை. வங்கிக் கணக்கில் இருக்கிறது. வில்லை தருவது ‘நான் இன்னார்’ என்னும் அடையாளம் மட்டுமே.

எதிரொளிக்கும் அலையைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்னும் கருத்தை ஹாரி ஸ்டாக்மன் என்பவர் 1948-ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். கடைகளில் காணும் பட்டைக்குறியீட்டை ஒவ்வொன்றாகக் கருவியின் பார்வையில் காட்ட வேண்டும். வானலை வில்லைக்கு அத்தேவை இல்லை. சாக்குக்குள் இருப்பினும், நூறு வில்லைகள் ஒருங்கே வரினும், படிப்பான் சில நொடிகளில் எண்ணிவிடும்.

ஏலக்காய்க் கிடங்கில்

இடுக்கி மாவட்டத்தின் வண்டன்மேட்டுப் பகுதி ஏலக்காய்க்குப் புகழ் பெற்றது. புற்றடியிலும், மலைக்கு இப்பால் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னேல மையங்கள் உள்ளன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகளில் காய் இரு மாநிலங்களுக்கும் இடையே பயணிக்கிறது.

அங்கு ஒரு நடுத்தர வணிகர் தம் கிடங்கில் இம்முறையை அமைக்க எண்ணுகிறார் எனக் கொள்வோம். பல உழவர்களிடமிருந்து வரும் காய், தரம் பிரிக்கப்பட்டு, மூட்டையாகி, ஏலத்திற்குச் செல்கிறது. ஒரு மூட்டை இடம் மாறினால் ஒருவர் உழைப்பின் விலை மற்றொருவர் கணக்கில் சேரும். மூட்டைதோறும் வில்லை தைத்துக் கிடங்கின் வாயிலில் படிப்பானைப் பொருத்தினால், எது எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியேறியது என்பது தானே பதிவாகும். இருப்புக் கணக்கெடுக்க ஒரு நாள் கடையடைக்க வேண்டியதில்லை.

ஆயினும், பொருளின் இயல்பை அறிந்தே கருவியைத் தேர்தல் வேண்டும். நீர் இவ்வகை அலையை உறிஞ்சும். உலோகம் அதனைத் திருப்பிவிடும். உலர்த்திய காய்மூட்டையில் நன்கு இயங்கும் வில்லை, ஈரமான பச்சைக்காய் நிறைந்த சாக்கில் தடுமாறும். தகரப் பெட்டிக்குள் ஊமையாகிவிடும். எனவே, ஒரே ஓர் அறையில் சில வாரங்கள் சோதித்துப் பார்த்தபின் விரிவுபடுத்துவதே அறிவுடைமை.

செலவு யாருக்கு? பயன் யாருக்கு?

அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 2003-இல் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தனக்குப் பொருள் வழங்கும் முதன்மையான 100 நிறுவனங்களும் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் வில்லை ஒட்ட வேண்டும் என்பதே அது. வில்லையின் செலவு வழங்குவோருக்கு. இருப்பறியும் பயனோ பெரிதும் கடைக்கு. அதனால் பலர் தயங்கினர். திட்டம் எண்ணிய விரைவில் நடைபெறவில்லை.

நம் வணிகருக்கும் இது பாடமாகும். வில்லையின் விலையைச் சிற்றுழவரின் தலையில் சுமத்தினால் அவர் வேறு கடை நாடுவார். மாறாக, ‘உம் மூட்டை இன்ன நாளில் இன்ன விலைக்கு விற்றது’ என்னும் பதிவை அவருக்கும் காட்டினால், கருவி இருவருக்கும் பொதுச் சான்றாகும்.

வில்லை அறியாதவை

மூட்டை எங்கே உள்ளது என்பதை வில்லை சொல்லும். மூட்டைக்குள் என்ன உள்ளது என்பதைச் சொல்லாது. எடைக் குறைவையோ செயற்கை நிறத்தையோ அது அறியாது. அவற்றைக் காண நேர்மையான தராசும் ஆய்வுக்கூடமும் வேண்டும். தொழிலாளரின் அடையாள அட்டையிலும் இத்தகைய வில்லையைப் பொருத்த இயலும். மூட்டையைக் கண்காணிப்பது வேறு. மனிதரின் ஒவ்வோர் அடியையும் கண்காணிப்பது வேறு. எதற்காக, எவ்வளவு காலம் பதிவு வைக்கப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லி இசைவு பெறுதல் அறமாகும். கருவி கணக்கைக் காக்கும். நம்பிக்கையை மனிதரே காக்க வேண்டும்.

சொற்பொருள்

வானலை – ரேடியோ அலை
வில்லை – எண் பொதிந்த சிறு அட்டை
படிப்பான் – வில்லையின் எண்ணை அறியும் கருவி
இசைவு – ஒப்புதல்

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக
1. வானலை 2. மின்னேலம் 3. சிற்றுழவர்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக
1. மின்கலம் இல்லாத வில்லை எவ்வாறு இயங்குகிறது?
2. பட்டைக்குறியீட்டிற்கும் வானலை வில்லைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பச்சைக்காய் மூட்டையில் வில்லை தடுமாறுவது ஏன்?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக
வால்மார்ட் நிகழ்விலிருந்து ஏலக்காய் வணிகர் கற்க வேண்டியது என்ன?

ஈ. சிந்தித்து எழுதுக
உங்கள் பள்ளி நூலக நூல்களில் வில்லை பொருத்தலாம் என்கின்றனர். மாணவர் அடையாள அட்டையிலும் பொருத்தலாம் என்கின்றனர். இவ்விரண்டையும் ஒரே நோக்கில் ஏற்பீர்களா? காரணங்களுடன் நூலகருக்கு ஒரு கடிதம் எழுதுக.