முன்னாள் மாணவர் சங்கமும் ஒரு கேள்வியும்

எங்கள் பள்ளி நூலகத்துக்காக முன்னாள் மாணவர்கள் 64,000 ரூபாய் திரட்டித் தந்தார்கள். அவசரத்தில் அதை என் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தேன். அலமாரிகளும் புத்தகங்களும் வாங்கியது போக 11,350 ரூபாய் மீதி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "சார், மிச்சப் பணம் எங்க இருக்கு?" என்றார். எல்லாச் செலவுக்கும் என்னிடம் பில் இருந்தது. ஆனால் பணம் என் பெயரில் அல்லவா இருந்தது! அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதியின்றி நிதி வாங்கக்கூடாது என்பதையும் அன்றிரவுதான் எடுத்துப் படித்தேன்.

ஒரே முறை வரும் நன்கொடைக்குப் புதிய அமைப்பு தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கு இருக்கிறது; 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் இருக்கிறது. எங்கள் பழைய மாணவர்களோ இடைநின்ற பிள்ளைகளுக்கு ஊருக்குள் மாலை வகுப்பு நடத்த விரும்பினார்கள். ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை அது. எனவே தனி அமைப்பு தேவைப்பட்டது.

'லாப நோக்கற்றது' என்றால் கையில் பணமே மிஞ்சக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். மிஞ்சலாம், வேலை செய்பவருக்கு ஊதியமும் தரலாம். மிஞ்சியதை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக்கூடாது, அவ்வளவுதான்.

அறக்கட்டளை என்றால் சில அறங்காவலர்கள் கையில் பொறுப்பு நிற்கும். பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 8 ஆம் பிரிவிலும் ஓர் அமைப்பைத் தொடங்கலாம். எங்கள் அளவுக்கு அது பெரிய சட்டை. உறுப்பினர்கள் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் சங்கமே எங்களுக்குப் பொருந்தியது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும்.

விண்ணப்பத்தை விடத் துணைவிதிகளை எழுதத்தான் நாளானது. நோக்கங்களில் கோயில் திருவிழாவையும் சேர்க்கச் சொன்னார் ஒருவர். கல்விக்காக வாங்கிய பணத்தைப் பந்தலுக்குச் செலவிட்டால் பிறகு யார் பதில் சொல்வது? விட்டுவிட்டோம். வங்கிக் கணக்கை இருவர் கையொப்பமிட்டே இயக்க வேண்டும். சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குப் போக வேண்டும். இவ்விரண்டையும் தெளிவாக எழுதினோம். நான் எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை. கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தாயும் எங்கள் பள்ளியில் படித்தவர்தான். அவரையே பொருளாளராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பதிவுச் சான்று கிடைத்ததும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைத்துவிடாது. அதற்கு வருமானவரித் துறையில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஒப்புதல் பெற்ற பிறகும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்குச் சலுகை இல்லை. ஆகவே காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ கேளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த கவனம் வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. அவரே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால் கதை வேறு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 இன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அதை வாங்கக்கூடாது. அரசு ஊழியர்களான நாமோ அத்தகைய பணத்தைக் கைநீட்டி வாங்கவே கூடாது. நல்ல எண்ணத்தில் வந்த ஒரு தொகையை இதனால் நாங்கள் திருப்பி அனுப்பினோம். அனுப்பியவருக்கு வருத்தம்தான்.

தொடங்கும்போது எல்லோரும் வருவார்கள். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் வேளையில் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். பல சங்கங்கள் படுத்துவிடுவது இங்கேதான். அந்த இரண்டு மூன்று பேர் யார் என்பதை முதல் கூட்டத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குத் தொடங்கிய அன்றே 11,350 ரூபாயையும் செலவு பில்களையும் ஒப்படைத்தேன். முதல் ரசீதைப் பொருளாளர் எழுதினார். தொகையை இருமுறை எண்ணிப் பார்த்த பிறகுதான் கையொப்பமிட்டார்.