கம்பளமும் எமது சுவாசமும்
கையால் முடிச்சிட்ட கம்பளங்களை வீட்டில் பேணும் முறை

குளிர் தேசத்தில் வாழும் எம்மவர் வீடுகளில் கம்பளம் ஓர் அலங்காரப் பொருள் மட்டுமல்ல. பிள்ளைகள் அதன் மேல் தவழ்கிறார்கள், விளையாடுகிறார்கள், சில வேளைகளில் அங்கேயே உறங்கியும் போகிறார்கள். ஈரான், துருக்கி, ஆப்கானிஸ்தான், காஷ்மீர், உத்தரப்பிரதேசத்துப் பதோஹி ஆகிய இடங்களில் கையால் முடிச்சிடப்படும் கம்பளி விரிப்புகளை நோர்வேயிலும் பலர் ஆசையோடு வாங்குகிறார்கள். ஒழுங்காகப் பேணினால் அவை இரண்டு மூன்று தலைமுறைக்கு நிற்கும். ஆனால் பிள்ளைக்கு இரவில் இருமலும் இழுப்பும் வந்துவிட்டால், "கம்பளத்தைத் தூக்கி எறிய வேண்டுமா?" என்றே பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். அதற்கான விடையை இம்முறை பார்ப்போம்.

தூசு உண்ணி என்பது என்ன?

வீட்டுத் தூசில் வாழும் இவ்வுயிரி ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் நீளமானது. எமது உடலிலிருந்து உதிரும் தோற்செதில்களே அதன் உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. அது கடிப்பதுமில்லை. அதன் கழிவிலுள்ள புரதமே சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டி, தும்மல், மூக்கடைப்பு, ஆஸ்துமா ஆகியவற்றை உண்டாக்குகிறது.

காற்றின் ஈரப்பதன் 70 முதல் 80 வீதமாக இருந்தால் உண்ணி நன்றாகப் பெருகும். 50 வீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் மெல்ல மெல்ல அழியும். குளிர்காலத்தில் சூடாக்கப்பட்ட வீட்டின் காற்று உலர்ந்திருப்பது எமக்கு உதவி. அதே வீட்டில் யன்னல்களைப் பூட்டிவைத்துச் சோறு, கறி சமைத்து, ஈர உடுப்புகளையும் உள்ளே காயப் போட்டால், அந்த உதவியை நாமே இழக்கிறோம்.

உண்ணி அதிகம் வாழும் இடம் கம்பளமல்ல, கட்டில் மெத்தையே. ஆகவே முதலில் படுக்கை விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றை 60 பாகை வெந்நீரில் தோயுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை படுக்கும் அறையில் கம்பளம் வேண்டாம். வரவேற்பறைக் கம்பளத்தை எறிய முன், குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை அல்லது தோற்பரிசோதனை மூலம் ஒவ்வாமை எதற்கென அறிந்துகொள்ளுங்கள். தூசைக் குறைப்பதால் மட்டும் ஆஸ்துமா அடங்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. வீடு துப்புரவாகிவிட்டது என்று எண்ணி உள்ளிழுக்கும் மருந்தை நிறுத்துவது ஆபத்தானது.

வாராந்தத் துப்புரவு

1. தூசு உறிஞ்சியைக் கம்பள மயிர் படிந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். சுழலும் தூரிகையைப் பாவிக்க வேண்டாம்.
2. ஓரத்துக் குஞ்சம் தனியாகத் தைத்ததல்ல. கம்பளத்தின் பாவு நூல்களின் நுனியே அது. உறிஞ்சி அதை இழுத்து அறுத்தால் முடிச்சுகள் நெகிழத் தொடங்கும்.
3. மாதமொருமுறை கம்பளத்தைக் கவிழ்த்துப் பின்புறத்தையும் உறிஞ்சுங்கள். அடியில் தங்கும் மணற்துகள் கத்திபோல் இழைகளை அறுக்கும்.
4. நுண்துகள் வடிகட்டியுள்ள உறிஞ்சியே நல்லது. துப்புரவின் போதும் பின்னர் அரை மணி நேரமும் ஆஸ்துமா உள்ளவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. யன்னலைத் திறந்து விடுங்கள்.

வெண்பனியால் துப்புரவு

இந்நாட்டு மக்களிடம் நாம் கற்கக்கூடிய நல்ல முறை இது. வெப்பநிலை -5 பாகை அல்லது அதற்குக் கீழும், புதிய உலர்ந்த பனியும் தேவை. முதலில் கம்பளத்தை அரை மணி நேரம் வெளியே தொங்க விட்டுக் குளிரச் செய்யுங்கள். சூடான கம்பளத்தில் பனி உருகி ஈரமாகிவிடும். பின் முகப்புறம் பனியில் படக் கவிழ்த்து, முதுகுப்புறத்தை மெதுவாக அடியுங்கள். பனி அழுக்காகும். வேறிடத்துக்கு மாற்றி மீண்டும் செய்யுங்கள். பனி முழுவதையும் உதறிய பின்பே உள்ளே கொண்டுவந்து, தொங்கவிட்டு உலர்த்துங்கள். பட்டுக் கம்பளத்துக்கும் நைந்துபோன பழங்கம்பளத்துக்கும் இம்முறை கூடாது. ஆஸ்துமா உள்ளவர் அடிக்கும் வேலையைப் பிறரிடம் விடவேண்டும்.

கறி ஊற்றுப்பட்டால்

தேய்க்காதீர்கள். திடப்பொருளைக் கரண்டியால் எடுத்து, வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். பின்னர் குளிர்ந்த நீரில் கம்பளிக்கான சவர்க்காரத் திரவம் சில துளி கலந்து ஒற்றி, வெறும் நீரால் மீண்டும் ஒற்றுங்கள். முன்னதாக ஒரு மூலையில் ஈரத்துணியை அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா எனப் பாருங்கள். சோடாவோ காரமான சவர்க்காரமோ பட்டால் மஞ்சள் கறை சிவக்கும், கம்பளியும் கெடும். குளோரின் வெளுப்பான் கம்பளி இழையையே கரைத்துவிடும். அதனுடன் அமோனியாவையோ வினாகிரியையோ கலந்தால் நச்சு வாயு வெளிவரும். நனைந்த இடத்தை ஒரு நாளுக்குள் முற்றாக உலர்த்துங்கள். இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். அதுவும் சுவாசத்துக்குக் கேடு.

பூச்சி உருண்டை வேண்டாம்

கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிக்காகச் சிலர் ஊரிலிருந்து நப்தலீன் உருண்டைகளைக் கொண்டு வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் இது அந்துருண்டையாக விற்கப்படுவதில்லை. ஜி-6-பி-டி நொதியக் குறைபாடு எமது பிராந்திய மக்களிடையே காணப்படுவது. அது உள்ள குழந்தைக்கு நப்தலீன் ஆவியே செங்குருதிக் கலங்களை உடைக்கப் போதுமானது. கண் மஞ்சளாதல், கடும் நிறச் சிறுநீர், வெளிறல் ஆகியவை அறிகுறிகள். சிறிய கம்பளமெனில் பையில் இறுகக் கட்டி -18 பாகை ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். புழுவும் முட்டையும் அழியும்.

பிள்ளை உருண்டையை விழுங்கினாலோ, துப்புரவுத் திரவத்தைக் குடித்தாலோ வாந்தியெடுக்க வைக்காதீர்கள். நச்சுத் தகவல் நிலையத்தை 22 59 13 00 இல் உடனே அழையுங்கள். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ 113.

இறுதியாக, வீட்டில் முதியவர்கள் இருந்தால் கம்பளத்தின் அடியில் வழுக்காத விரிப்பு ஒன்றைப் போட்டு, மடிந்த மூலைகளைச் சீராக்குங்கள். வயதானவருக்கு ஒரு சிறு தடுக்கலே இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். கம்பளத்தை எறிய வேண்டியதில்லை. அது கிடக்கும் இடத்தையும் பேணும் விதத்தையும் சரியாக்கினால் போதும்.