தட்டை வைத்துவிட்டு எழுந்தவர்

 

உன் தாத்தாவின் சரித்திரத்தை எழுதி நம் குடும்பத்தார் கையிலெல்லாம் கொடுக்க நீ உத்தேசித்திருப்பது அறிந்து மனம் நிறைந்தது. ஆனால், கல்யாண வீடுகளில் உறவினர் பேசக் கேட்டு, 1946-ஆம் வருஷம் பம்பாயில் நடந்த கப்பற்படை மாலுமிகளின் கிளர்ச்சியில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவரே என்று முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிடு. கொடி இறங்கியது வாஸ்தவம். காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்டுக் கொடிகள் மூன்றும் கப்பல்களில் ஒருங்கே பறந்ததும் வாஸ்தவம். கயிற்றைப் பிடித்தவர் தாம் என்று அவர் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

அவர் சொன்னது இவ்வளவே: பிப்ரவரி 18, திங்கட்கிழமை, கொலாபாவிலிருந்த 'தல்வார்' என்னும் தந்திப் பயிற்சி நிலையத்தில், காலை ஆகாரத்துக்கு உட்கார்ந்த மாலுமிகளோடு தாமும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வயது இருபது. வாயில் வைக்க முடியாத உணவையும், தளபதியின் இழிசொல்லையும், வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம் நமக்கு ஒரு சம்பளம் என்ற பேதத்தையும் பொறுத்துப் பொறுத்து அலுத்தவர்கள் அவர்கள். தந்தி பழகும் இடமாதலால் செய்தி கம்பியில்லாத் தந்தி வழியே துறைமுகம் துறைமுகமாகப் பரவி, சில தினங்களுக்குள் 78 கப்பல்களும் 20 கரை நிலையங்களும் சுமார் 20,000 மாலுமிகளும் கிளர்ச்சியில் சேர்ந்ததும், சர்தார் படேலின் யோசனையை ஏற்று 23-ஆம் தேதி சரணடைந்ததும் புத்தகங்களில் கிடைக்கும். அதற்கு நாலு வரி போதும்.

நீ விஸ்தாரமாக எழுத வேண்டியது வேறு. கிளர்ச்சி செய்ததற்காக வேலையிலிருந்து விலக்கப்பட்ட மாலுமிகளைச் சுதந்திர இந்தியாவின் கப்பற்படையும் திரும்ப அழைக்கவில்லை, பாகிஸ்தானின் கப்பற்படையும் அழைக்கவில்லை. தாத்தா ஊருக்கு வந்து கழனியைப் பார்த்துக்கொண்டார். அறுப்புக் காலத்தில் ஆட்களுக்கு ஆக்கிய சோற்றையும் குழம்பையும் தாம் முதலில் ஒரு வாய் உண்டு பாராமல் பரிமாற விடமாட்டார். பருப்பில் ஒரு கல் பல்லில் பட்டால் பாட்டி மறுபடி உலை வைக்க வேண்டியதுதான். பாட்டி அதைப் பிடிவாதம் என்றாள். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். அவர் காலமாவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு ராத்திரி, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து, விரலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே அந்தத் திங்கட்கிழமையை அவர் சொன்ன பிறகுதான், எங்கள் வீட்டு வாசலில் அத்தனை வருஷமாக நடந்துவந்தது இன்னதென்று எனக்கு விளங்கிற்று. அந்தத் தட்டலும், நாங்கள் நினைத்ததுபோல் முதுமையின் நடுக்கமல்ல. மோர்ஸ் தந்திச் சங்கேதத்தில் என் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டிக் காட்டினார்.

ஆகையால், எதை எழுதினாலும் யார் சொல்லக் கேட்டாய் என்பதைக் கூடவே குறித்து வை. அவர் சொன்னது வேறு, அவரைப் பற்றிச் சொன்னது வேறு. உன் பெரிய அத்தைக்குக் காது வர வர மந்தமாகிறது. தை பிறப்பதற்குள் அவளிடம் போய், பக்கத்தில் உட்கார்ந்து, உரக்கக் கேள். அவள் பெயரையும் அவர் தட்டிக் காட்டியிருக்கக் கூடும். அவளிடம் நான் இதுவரை கேட்கவில்லை.

இப்படிக்கு,
பெரியப்பா